அர்ஜென்டினாவில் போகா ஜூனியர்ஸ், ரிவர் பிளேட் தவிர, வரலாறு படிக்க வேண்டிய கால்பந்து கிளப் எது?

சான் லொரென்சோ. யோசிக்காமல் சொல்வேன். கோப்பைக் கணக்கில் அந்த இரண்டுக்கும் பின்னால்தான். ஆனால் பறிபோன மண்ணை ரசிகர்களே போராடி மீட்ட கதை அந்த இரண்டு கிளப்களிடமும் இல்லை.

புவெனஸ் ஐரிஸின் அல்மாக்ரோ பகுதித் தெருவில் பந்தாடிய பையன்களில் ஒருவன் ட்ராமில் அடிபடப் பார்த்தான். அதைக் கண்ட லொரென்சோ மாசா என்ற சலேசிய சபைப் பாதிரியார், கோயில் வளாகத்திலேயே ஆட இடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்துவிட வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. 1908 ஏப்ரல் 1 அன்று கிளப் பிறந்தது. அவர் பெயரையே வைக்கலாம் என்று பையன்கள் சொல்ல, அவர் ஒப்பவில்லை. 'சான் லொரென்சோ' என்றால் புனித லாரன்ஸின் பெயர், அர்ஜென்டினா விடுதலைப் போரில் 1813-ல் நடந்த சான் லொரென்சோ சண்டையின் நினைவும் ஆகும் என்ற பிறகே சம்மதித்தார். அவருடைய கறுப்பு அங்கியால் இன்றும் ரசிகர்களுக்குக் 'காகங்கள்' என்று பட்டப்பெயர்.

1916-ல் பக்கத்துப் போயெடோவில் சொந்த மைதானம் வந்தது. மரப்பலகைப் படிக்கட்டுகள் சூழ்ந்த அந்த அரங்கம் எரிவாயுத் தொட்டி போல இருந்ததால் 'கசோமெட்ரோ' ஆனது. தேசிய அணியே அங்கே ஆடியிருக்கிறது. கார்னிவல் காலத்தில் நடனமும் உண்டு. ஃபாரோ, பொன்டோனி, மார்ட்டினோ மூவரும் முன்வரிசையில் ஆடி 1946-ல் பட்டம் வென்ற அணியைப் பார்த்து வளர்ந்த சிறுவன்தான் பின்னாளில் போப் பிரான்சிஸ்.

பிறகு ராணுவ ஆட்சி. மைதானத்தை விற்கச் சொல்லி, கடனில் தத்தளித்த கிளப்பை நெருக்கினார்கள். 1979 டிசம்பர் 2, போகாவுடன் 0-0. அதுதான் அங்கே கடைசி ஆட்டம். சாலையும் குடியிருப்பும் வரும் என்றார்கள். வந்தது கார்ஃபூர் சூப்பர்மார்க்கெட். வீடிழந்த அணி 1981-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. என்னை உலுக்குவது அடுத்த வருடம்தான்: இரவல் மைதானங்களில் ஆடிய அந்த அணியைப் பார்க்க, முதல் பிரிவு அணிகளுக்கே வராத கூட்டம் வந்தது! அந்த வருடமே மேலே ஏறினார்கள்.

1993-ல் வேறிடத்தில் புது அரங்கம் கட்டியும் போயெடோவை மறக்கவில்லை. 2012 மார்ச்சில் பிளாசா தே மாயோ சதுக்கத்தை நிரப்பினார்கள். அந்த நவம்பரில் நகர சட்டமன்றம் நிலத்தைத் திருப்பித் தரச் சட்டம் போட்டது. இலவசமாக அல்ல. ரசிகர்கள் ஆளுக்குச் சில சதுர மீட்டர் என்று காசு போட்டார்கள். 2014-ல் தென் அமெரிக்கக் கிளப்களின் பெரிய கோப்பையான கோபா லிபர்ட்டடோரஸ் வென்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வெற்றி 2019 ஜூலை 1. அன்றுதான் அந்த நிலம் மறுபடி கிளப்பின் கைக்கு வந்தது.