படகு மோட்டார் பீப் அடித்தால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மியான்மரின் மோல்மேனில் படகு மோட்டார் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சூட்டைப் பற்றியும் பீப் சத்தத்தைப் பற்றியும்தான். இங்கே சால்வீன் ஆற்றுத் தண்ணீர் மோட்டாருக்கு லேசான தண்ணீர் இல்லை. கடல் ஏற்றத்தோடு மொட்டமா வளைகுடாச் சேறு உள்ளே வருகிறது. அந்தச் சேற்றை உறிஞ்சித்தான் நம் மோட்டார்கள் தங்களைக் குளிர்வித்துக்கொள்கின்றன.

அண்ணே, 40 குதிரை, நாலு ஸ்ட்ரோக். பீலு தீவிலிருந்து ஆள் ஏற்றி வரும்போது நடு ஆற்றில் நீளமாக பீப் அடித்தது, வேகமும் தானாகக் குறைந்துவிட்டது. பெட்ரோல் கோளாறா?

இல்லை தம்பி. வேகத்தைக் குறைத்தது மோட்டாரேதான். சூடு ஏறினாலோ ஆயில் அழுத்தம் விழுந்தாலோ பல நாலு ஸ்ட்ரோக் மோட்டார்கள் சுற்றை நிமிடத்துக்குச் சுமார் 2,000க்கு இறக்கிக்கொள்ளும். முதலில் திரும்பிப் பாருங்கள்: பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிறதா? இல்லையென்றால் நங்கூரம் போட்டு, மோட்டாரை நிறுத்தித் தூக்கி, கியர் பெட்டிப் பக்கத்தில் தண்ணீர் இழுக்கும் சல்லடையைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை வேரோ பிளாஸ்டிக் பையோ ஒட்டியிருக்கும். எடுத்துப் போட்டால் பல நேரம் அதோடு சரியாகிவிடும். ஆனால் எரிவது ஆயில் விளக்கு என்றால் கரை வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். கொஞ்சம் ஆறியதும் மோட்டாரை நேராக நிறுத்தி, ஆயில் மட்டம் காட்டும் கம்பியைப் பாருங்கள். இன்னொன்று: ஆள் ஏற்றும் படகில் துடுப்பும் நங்கூரமும் இல்லாமல் கிளம்பவே கூடாது.

மெர்குயியிலிருந்து எழுதுகிறேன். பீய்ச்சும் தண்ணீர் நூல் மாதிரி ஆகிவிட்டது, பீப் மட்டும் இல்லை.

முதலில் தண்ணீர் பீய்ச்சும் துளையில் தடிமனான தூண்டில் நரம்பை விட்டுக் குடையுங்கள். சேறு கட்டியிருக்கலாம், குளவி மண் கூடு வைத்திருக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் பம்ப்பைப் பாருங்கள். தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது என்பதற்காக உள்ளே எல்லாம் குளிர்ச்சி என்று நம்பிவிடவும் வேண்டாம். பம்ப் ஓடுகிறது என்று மட்டும்தான் அது காட்டும். சிலிண்டரைச் சுற்றி உப்பு அடைத்திருந்தாலும் துளையில் தண்ணீர் வரும்.

புது இம்பெல்லர் (தண்ணீர் பம்ப்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்) போட்டேன். ஒரு வாரத்தில் மறுபடி சூடு. போலிச் சாமானா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: பழைய இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணினீர்களா? போன மாதம் ஒருவர் இதே புகாரோடு வந்தார். அவரிடம் பழசு பத்திரமாக இருந்தது, கையில் வாங்கிப் பார்த்தேன். ஆறு இறக்கைகளில் இரண்டைக் காணோம். மீதி நான்கும் வாடிய இதழ் மாதிரி ஒரே பக்கம் படிந்து விறைத்துக் கிடந்தன. காணாமல் போன இரண்டும் தண்ணீரோடு மேலே போய், தெர்மோஸ்டாட்டுக்கு (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) கீழே வளைவில் சிக்கியிருந்தன. துண்டுகளை எடுக்காமல் எத்தனை புது இம்பெல்லர் மாட்டினாலும் பலன் இல்லை.

அப்புறம் இம்பெல்லர் சுற்றும் கிண்ணத்தின் உட்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நம் சேறு அங்கே வட்டவட்டமாகக் கோடு போட்டுவிடும். நகம் மாட்டினால் கிண்ணத்தையும் அடித்தகட்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டு சுற்றும் திசையிலேயே திருப்பித் திருப்பி உள்ளே இறக்குங்கள். தெளிந்த தண்ணீரில் ஓடும் மோட்டாருக்கு வருடத்துக்கு ஒன்று தாராளம். இங்கே தினமும் ஓட்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். தண்ணீர் இல்லாமல் சத்தம் கேட்பதற்காகக் கரையில் ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. ரப்பர் சில நொடிகளில் கருகிவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சூடே வராது என்கிறார்களே?

செய்யாதீர்கள். மோட்டார் எப்போதும் குளிர்ந்தே ஓடும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும். கம்பியில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் அதற்கு இதுவும் ஒரு காரணம். தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் நூலில் கட்டி, ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேலேயே டிகிரி பொறித்திருக்கும். படகு மோட்டாரில் பெரும்பாலும் 50 முதல் 60க்குள். கார் தெர்மோஸ்டாட்டைவிடக் குறைவு, ஏனென்றால் அதற்கு மேலே போனால் கடல் உப்பு உள்ளேயே படிய ஆரம்பிக்கும். அந்த டிகிரி வந்தும் திறக்கவில்லை என்றால் மாற்றுங்கள்.

காலையில் சாவி போட்ட உடனே பீப். மோட்டார் சில்லென்று இருக்கிறது.

சாவி போட்டதும் ஒரு சின்ன பீப் என்றால் அது பல மோட்டார்களில் சோதனைச் சத்தம், நல்லதுதான். நிற்காமல் அடித்தால் சிலிண்டர் ஹெட்டில் உள்ள சூட்டு ஸ்விட்ச்சின் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஸ்விட்ச் போய்விட்டது. நிற்கவில்லை என்றால் எங்கோ கம்பி உரிந்து மோட்டார் உடம்பைத் தொடுகிறது, அல்லது ஆயில் பக்கம் கோளாறு. பார்த்து முடித்ததும் கம்பியைத் திரும்ப மாட்டுங்கள். சத்தம் தொல்லை என்று அப்படியே கழற்றி விட்டவர்களின் பிஸ்டன்களை நான் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்திருக்கிறேன்.

பசேன் பக்கம், ஓடையில் மீன் பிடிக்கிறோம். ரெண்டு ஸ்ட்ரோக் 15 குதிரை. இதில் பீப்பே கிடையாதே ஐயா?

பல சின்ன மோட்டார்களில் கிடையாது. உங்கள் கண்தான் அலாரம்: பீய்ச்சும் தண்ணீரை அடிக்கடி பாருங்கள். அது ஆவியாக வந்தாலோ, காரணமில்லாமல் இழுவை குறைந்தாலோ நிறுத்துங்கள். ஆயில் கலவை 50க்கு 1 என்று உங்கள் மோட்டாரில் எழுதியிருந்தால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி, அளந்து ஊற்றுங்கள். கைக்கணக்கு வேண்டாம். சூடான மோட்டார் மேல் ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றவும் கூடாது, ஹெட் விரிசல் விடும்.

தினமும் கழுவ வேண்டுமா? எங்கள் வீட்டில் குழாய் இல்லை, அக்கா தலையில்தான் தண்ணீர் சுமந்து வருகிறாள்.

மழைத் தண்ணீர் பிடித்த டிரம் போதும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சல்லடை நன்றாக மூழ்கட்டும், மெதுவான ஓட்டத்தில் பத்து நிமிடம். டிரம்மில் தண்ணீர் கலங்கியதும் கொட்டிவிட்டு வேறு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே சேற்றையே திரும்பக் குடிக்கும். தினமும் முடியாவிட்டால், பெரிய ஏற்றம் வரும் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலாவது விடாதீர்கள். அப்போதுதான் சேறு அதிகம். கழுவி முடித்ததும் மோட்டாரை உடனே தூக்கிவிடாமல், நேராகவே கொஞ்ச நேரம் விட்டு, உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்க வடியட்டும்.