மின்சாரம் நின்றாலும் கெடாத ரூட் ஃபைல்சிஸ்டத்தை நாமே கட்டுவது எப்படி?

கேட்டவர் முல்லைத்தீவு முத்தையன்கட்டுக் குளத்துத் துருசடியில் (மதகடியில்) ராஸ்பெரி பை சீரோ என்ற சிறு கணினி ஒன்றை வைத்து நீர்மட்டம் பதிகிறார். சோலார் பற்றரி இறங்கும்போதெல்லாம் மெமரி கார்ட் பழுதாகிவிடுகிறதாம். வேறு குளங்களுக்கும் வைக்கப் போவதால் லினக்ஸைத் தானே கட்டிப் போடலாமா, அதற்கு பில்ட்ரூட்டா யொக்டோவா (இரண்டும் சிறு கருவிகளுக்கான லினக்ஸை மூலக் கோப்புகளிலிருந்து கட்டித் தருபவை) என்பதுதான் கேள்வி.

பில்ட்ரூட். ஒரு கருவி மட்டும் என்றால் இதுவும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், ஏனென்றால் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸிலேயே ரூட்டுக்கு மேல் ஓவர்லே போடும் வசதி, அதாவது எழுதுவதெல்லாம் கார்டுக்குப் போகாமல் ரேமில் நிற்கச் செய்யும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுப் பதிவுகளை மட்டும் தனிப் பார்ட்டிஷனில் எழுதினால் காரியம் முடிந்தது. பல குளங்களுக்கு ஒரே மாதிரி வைக்க வேண்டும், ஒன்று பழுதானால் அதேபோல இன்னொன்றை உடனே செய்ய வேண்டும் என்றால் சொந்தமாகக் கட்டுவதுதான் சரி. பலர் இதை இடம் மிச்சம் பிடிக்கிற வேலையாகப் பார்க்கிறார்கள். பிஸிபாக்ஸும் (அடிப்படைக் கட்டளைகள் எல்லாம் அடங்கிய ஒரே புரோகிராம்) மசலும் (சிறிய சி லைப்ரரி) மட்டும் வைத்தால் ரூட் சில எம்பிக்குள் அடங்கும், உண்மைதான், ஆனால் இன்றைய கார்டில் இடமா பிரச்சினை? உள்ளே இருக்கிற ஒவ்வொரு கோப்பும் ஏன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் சொல்லாமல் எதுவும் கார்டில் எழுதாது. அதற்காகத்தான் கட்ட வேண்டும்.

ரூட் ஃபைல்சிஸ்டம் என்பது சிஸ்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கிற அடிப்படை அடைவு மரம், அதில் மாயம் ஒன்றும் இல்லை. கெர்னல் எழும்பி, ரூட்டை மவுண்ட் பண்ணி, இனிட் என்ற புரோகிராமைத் தேடி ஓட்டும். அது பிஸிபாக்ஸ் இனிட் என்றால் இனிட்டாப் கோப்பைப் படித்து, எஸ் எழுத்தில் தொடங்கும் ஸ்கிரிப்ட்களை எண் வரிசையில் ஓட்டும். உங்கள் புரோகிராமுக்கும் அப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ரூட்எஃப்எஸ் ஓவர்லே என்று குறித்துக் கொடுக்கிற அடைவில் வைத்தால் பில்ட்ரூட் கடைசியில் அதை அப்படியே இமேஜுக்குள் சேர்த்துவிடும். சீரோ டபிள்யூவுக்கு ஆயத்தமான டிஃப்கான்ஃபிக் (தொடக்க அமைப்புக் கோப்பு) இருக்கிறது, அதில் தொடங்குங்கள். மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் முதலில் நல்ல இணைப்புள்ள இடத்துக்கு மடிக்கணினியைக் கொண்டுபோய் 'மேக் சோர்ஸ்' மட்டும் ஓட்டி எல்லா மூலக் கோப்புகளையும் இறக்கிக்கொண்டால், பிறகு வீட்டில் இணையமே இல்லாமல் கட்டலாம். பூட்லின் நிறுவனம் தருகிற ஆயத்த டூல்செயினை (கொம்பைலர் தொகுப்பை) எடுத்தால் நேரமும் மிச்சம், ஆனால் பழைய சீரோவின் புரொசஸர் ஏஆர்எம் வி6 வகை என்பதை மறக்க வேண்டாம். வி7 டூல்செயினில் கட்டியது அதில் ஓடாது.

ஒரு இடத்தில் நிறையப் பேர் மணிக்கணக்காகத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வேறொரு ராஸ்பெரி பையில் கொம்பைல் பண்ணிய புரோகிராமைக் கொண்டுவந்து வைப்பார்கள், எல்எஸ் அடித்தால் கோப்பு இருக்கும், எக்ஸிகியூட் உரிமையும் இருக்கும், ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். ஷெல் இல்லை என்று சொல்வது உங்கள் கோப்பை அல்ல. அந்த பைனரி தனக்குத் தேவையான டைனமிக் லோடரின் (புரோகிராமையும் அதன் லைப்ரரிகளையும் ஏற்றி ஓட்டுவது) பெயரை உள்ளே எழுதி வைத்திருக்கும், அது ஜிலிப்சி என்ற வேறு சி லைப்ரரியின் லோடர், உங்கள் ரூட்டில் இருப்பதோ மசலின் லோடர். ரீட்எல்ஃப் கட்டளையைப் போட்டு இன்டர்பிரட்டர் வரியைப் பார்த்தால் உடனே விளங்கும். புரோகிராமையும் பில்ட்ரூட்டின் கொம்பைலராலேயே கட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இனி கார்ட் விஷயம். ரூட்டை ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் வகைக்கு மாற்றுங்கள், அதில் எழுதவே முடியாது, அதனால் பாதி எழுதியபடி நிற்பது என்ற பேச்சே இல்லை. ஸ்குவாஷ்எஃப்எஸ் ஆதரவு கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும், மொட்யூலாக (கெர்னல் பிறகு ஏற்றும் தனிக் கோப்பாக) இருந்தால் அந்த மொட்யூல் கோப்பே மவுண்ட் ஆகாத ரூட்டுக்குள்தானே கிடக்கும்! கெர்னலுக்குக் கொடுக்கிற வரியில் ரூட் வகையையும் மாற்றுங்கள். சிஸ்டம் அமைப்பில் தொடக்கத்தில் ரூட்டை எழுதக்கூடியதாக மாற்றும் தெரிவு ஒன்று இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். லொக் கோப்புகள் (சிஸ்டம் எழுதும் குறிப்புகள்) ஏற்கெனவே டெம்புக்கு, அதாவது ரேமுக்குத்தான் போகும். ட்ரொப்பேர் (சிறிய எஸ்எஸ்எச் சேவர்) வைத்திருந்தால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் புதிய சாவி உருவாக்கும், நீங்கள் எஸ்எஸ்எச்சில் போனால் சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வரும். பயப்படாமல் சாவி அடைவை டேட்டா பார்ட்டிஷனுக்கு மாற்றிவிடுங்கள்.

அந்த டேட்டா பார்ட்டிஷன் ஒன்றுதான் எழுதக்கூடியது, அதை ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டமாக வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை வருகிற அளவுகளை ரேமில் சேர்த்து, மணிக்கு ஒருமுறை புதுக் கோப்பாக எழுதி, எஃப்சிங்க் செய்து (எழுதியதை உண்மையில் கார்டுக்கே அனுப்பச் சொல்லி), அதன் பிறகே சரியான பெயருக்கு மாற்றுங்கள். அப்படிச் செய்தால் போனால் ஒரு மணி நேரப் பதிவு போகும், அவ்வளவுதான். மாரியில் வான் பாயப் போகிற (குளம் நிரம்பி வழியப் போகிற) நேரத்தில் ஒரு மணி நேரமே பெரிது என்பவர்கள் மட்டம் வேகமாக ஏறும்போது மட்டும் அடிக்கடி எழுதச் சொல்லலாம். சீரோவில் ஆர்டிசி (மின்சாரம் நின்றாலும் ஓடும் கடிகாரம்) இல்லை, நெட்வொர்க் இல்லாமல் எழும்பினால் 1970ஆம் ஆண்டில் நிற்கும், கமக்காரர் அமைப்பிடம் அந்தத் திகதியோடு பதிவைக் கொடுக்க முடியாது. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் ஒன்றைக் கட்டாயம் பூட்டுங்கள்.

டிஃப்கான்ஃபிக், கெர்னல் கான்ஃபிக், ஓவர்லே அடைவு மூன்றையும் கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில்) போட்டு வையுங்கள், எந்தப் பில்ட்ரூட் வெளியீட்டில் கட்டினீர்கள் என்பதையும் சேர்த்து. வருடத்தின் பிப்ரவரி வெளியீடு நீண்ட காலம் திருத்தம் பெறுவது, அதையே எடுங்கள். துருசடிக்குக் கொண்டுபோக முன்னர் மேசையில் வைத்து, கோப்பு எழுதிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வயரைப் பிடுங்குங்கள், திரும்பத் திரும்பப் பிடுங்குங்கள், ஒவ்வொரு முறையும் தானாக எழும்பிப் பதிவைத் தொடர்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை எழும்பாவிட்டாலும் அதைக் குளத்தடியில் வைக்க வேண்டாம்.