தாழ்ப்பாளுக்கு அப்பால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பஞ்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் மூன்று திகில் படைப்புகளைப் படித்தேன். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா', கதை கோட்டைக்குள் நடக்கும் வரை நடுங்க வைத்தது. பின்பாதி துப்பறியும் நாவலைப் போலத் தளர்ந்துவிட்டது. ஜேக்கப்ஸின் 'குரங்குப் பாதம்' சிறுகதையில் பேய் கண்ணுக்கே தெரிவதில்லை. ஆனாலும் அதைப் படித்த இரவு இரண்டு முறை எழுந்து கதவைப் பார்த்தேன். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' எனக்குப் பிடிபடவில்லை. நடந்தது என்ன என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பேயைக் காட்டாமல் இருப்பதே நல்ல திகில் கதைக்கு அடையாளம் என்பது என் முடிவு. தாங்கள் இதை ஒப்புக்கொள்கிறீர்களா?
– ஒரு வாசகர், சிங்காநல்லூர்

பதில்: பேயைக் காட்டக் கூடாது என்கிறீர்கள், 'காஞ்சனை' தெளிவாகச் சொல்லவில்லை என்றும் குறைப்படுகிறீர்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று இசையவில்லை. ஆனால் உங்கள் வாசிப்பு உண்மையானது. கதவைப் பார்க்க எழுந்தீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'குரங்குப் பாதம்' 1902ஆம் ஆண்டில் வெளிவந்த கதை. இந்தியாவிலிருந்து திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த, மூன்று வரம் தரும் அந்த உலர்ந்த பாதத்திடம், முதியவர் ஒருவர் வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு கேட்கிறார். இவ்வளவு கேளுங்கள் என்று தொகையை விளையாட்டாக எடுத்துக் கொடுப்பவன் அவருடைய மகனே. மறுநாள் அவன் வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோகிறான். நிறுவனத்திலிருந்து வந்த ஆள், தங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று சொல்லிவிட்டு, மகனின் உழைப்பைக் கருதி ஒரு தொகை தருவதாகத் தெரிவிக்கிறார். அந்தத் தொகை 200 பவுண்டு. ஆலைச் சங்கைக் கேட்டே பொழுதை அளந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் வெறும் மாயக் கதையாக இருக்க முடியாது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும், பஞ்சைப் பிரித்துத் தூசு நீக்கும் ப்ளோ ரூமிலும் விரலையும் கையையும் இழந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நஷ்டஈடு என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அங்கே எப்படிப்பட்ட அமைதி விழும் என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்களை முதலில் அசைத்தது அந்தப் பணம்தான் என்று நான் எண்ணுகிறேன்; கதவைத் தட்டும் ஓசை அதற்குப் பின்னர் வருகிறது.

இறந்த மகன் உயிரோடு வரட்டும் என்று தாயின் வற்புறுத்தலால் இரண்டாம் வரம் கேட்கப்பட்ட பிறகுதான் கதவு தட்டப்படுகிறது. அந்த ஓசை வரும்போது மேல் தாழ்ப்பாள் எட்டாமல், நாற்காலியை இழுத்துப் போட்டுத் திறக்கத் துடிப்பவள் தாய். இருட்டில் தரையைத் தடவிப் பாதத்தைத் தேடி, வந்தவன் திரும்பிப் போகட்டும் என்று கடைசி வரத்தைக் கேட்பவர் தந்தை. இருவரும் ஒரே மகனைப் பெற்றவர்கள். இவர்களில் யார் பக்கம் நிற்பது என்று நம்மால் முடிவு செய்ய இயலாததே அந்தக் கதையின் திகில். பேயைக் காட்டாமல் விட்டது ஓர் உத்தி. வேர் இந்தத் துயரத்தில் இருக்கிறது.

காட்டியும் அஞ்சவைக்கலாம் என்பதற்கு, நீங்கள் படித்த 'டிராகுலா'விலேயே சான்று உண்டு. டிராகுலா பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லியைப் போல் ஊர்ந்து இறங்குவதை ஸ்டோக்கர் மறைக்காமல் காட்டுகிறார். அந்நாவலில் அதைவிட அச்சமூட்டும் காட்சி எனக்குத் தெரியவில்லை. பின்பாதி தளர்கிறது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். நாட்குறிப்புகளை வரிசைப்படுத்தித் தட்டச்சு செய்து, அவனை விரட்டும் பூண்டு, சிலுவை, அவன் படுத்து ஓய்வெடுக்கும் 50 மண்பெட்டிகள் என்று பகைவனின் விதிகளையெல்லாம் அறிந்துகொண்ட பிறகு மிஞ்சுவது வேட்டை மட்டுமே. ஆனால் இடையில் வரும் கப்பல் குறிப்பேட்டை மறுமுறை படியுங்கள்: மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போக, தலைவன் தன்னைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு இறந்து கிடக்கிறான்.

'காஞ்சனை' 1943இல் வந்தது. அதில் கதைசொல்லியே ஓர் எழுத்தாளர். ஊருக்கெல்லாம் கதை கட்டியவர், தம் வீட்டுக்குள் நடப்பது கதையா நிஜமா என்று அறியாமல் தவிக்கிறார். பேய்தான் என்றோ மனப்பிரமைதான் என்றோ ஆசிரியர் தீர்த்துச் சொல்லியிருந்தால் நாம் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடான சாளையில், பொழுது சாய்ந்த பின் பழைய கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்பார் என் அப்பாரு (தாத்தா). ஏன் என்று கேட்டால், "அதுக்கு மேல கேக்காத கண்ணு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் காரணம் சொல்லியிருந்தால் நான் இந்நேரம் அந்தக் கிணற்றை மறந்திருப்பேன். 'காஞ்சனை'யை இன்னொரு முறை படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது ஆகிறது. பேய்க் கதைகள் வேண்டும் என்று கேட்கிறாள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: கொடுக்கலாம். 'டிராகுலா' நீளமானது, இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்கட்டும். மேலே சொன்ன 'குரங்குப் பாதம்' ஒரே அமர்வில் முடியும். முதல் முறை நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். கதவு தட்டப்படும் இடத்தில் நிறுத்தி, நீயாக இருந்தால் திறப்பாயா என்று அவளிடம் கேளுங்கள். அவள் பதில் சொன்ன பிறகு மீதியைப் படியுங்கள்.