வேடியப்பன் கல்லும் ஏழு பேர் சங்கமும்

அன்புள்ள ஐயா,

நான் செங்கம் வட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து வட்டார வரலாற்றுக் குழு ஒன்றைத் தொடங்கினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பைக்கில் கிளம்பிப் பக்கத்து ஊர்களைப் பார்த்துவிட்டு வருவோம். எல்லாம் சொந்தக் காசு. போன வருடம் ஒரு கொல்லையில், சண்டையில் இறந்த வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்ட, எழுத்துள்ள நடுகல் ஒன்றைப் பார்த்தோம். செய்தித்தாளில் படத்தோடு வந்தது. அதில் மூன்று பேர் பெயர் மட்டும் இருந்ததால் மற்ற நால்வருக்கும் மனத்தாங்கல். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த மாதமே யாரோ இரவில் வந்து அந்தக் கல்லின் அடியில் தோண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். "நீங்க பேப்பர்ல போட்டதாலதான் இப்படி ஆச்சு" என்று ஊர்க்காரர்கள் எங்களை உள்ளே விடவில்லை. இப்போது நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். ஒருவர், முறைப்படி பதிவு செய்தால் மரியாதை வரும் என்கிறார். இன்னொருவர், விட்டுவிடலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். ஏழு பேர், படத்தோடு செய்தி, விடுபட்ட பெயர்கள், மனத்தாங்கல். 1990களில் எங்கள் ஊரில் நாங்கள் நடத்திய சங்கத்தின் கதையை எனக்கே யாரோ திருப்பி எழுதியதுபோல் இருந்தது. நாங்கள் உங்களுக்கும் ஒரு படி மேலே. முதல் கல்லைப் பார்க்கும் முன்பே லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் அடித்துவிட்டோம். ஏழு பேருக்கும் ஏழு பதவி. சாதாரண உறுப்பினர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அந்த ஸ்டாம்பு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

கல்லின் அடியில் தோண்டினார்கள் என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊர்க்காரர்கள் சொன்னது சரி. கல் அங்கே பல நூறு வருடம் நின்றிருக்கிறது, யாரும் தோண்டவில்லை. செய்தியில் 'அரிய நடுகல்' என்று போடுவார்கள். அதைப் படிக்கிறவர்களில் ஒருவன் 'அரிய' என்பதை 'விலை பெறும்' என்று புரிந்துகொள்வான். கூடவே ஊர்ப் பெயர், யார் கொல்லை, ஏரிக்கரைக்கு எந்தப் பக்கம் என்று வழியையும் நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே முதல் வேலை, மூன்று பேரும் போய் அந்த ஊரில் உட்கார்ந்து திட்டு வாங்குவது. விளக்கம் சொல்ல வேண்டாம். தோண்டியதைப் பற்றிக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுப்பது அவசியம். ஆனால் ஊரைக் கேட்டுக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள். நீங்களாகப் போய்க் கொடுத்தால் அடுத்த வதந்தி கிளம்பும்: கல்லை அரசாங்கம் தூக்கிக்கொண்டு போகப் போகிறது.

அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தொல்லியல்காரர்களுக்கு அது நடுகல். அந்த ஊருக்கு அது வேடியப்பன். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பொங்கலிட்டுக் கும்பிடுகிற சாமி. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரைக்கும். நம் குழுக்கள் காட்சியிலேயே நின்றுவிடுகின்றன. படையலை அந்த ஊர் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறது. இருவரில் யாருக்கு அந்தக் கல்லின் மேல் உரிமை அதிகம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

சரி, குழுவுக்கு வருவோம். என் யோசனை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இன்னும் ஒரு வருடத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள்.

உங்கள் வட்டாரம் சாதாரணமானதல்ல. செங்கத்துக் குறுநில மன்னன் நன்னனைப் பாடிய சங்க நூலான மலைபடுகடாத்திலேயே வழியெல்லாம் நடுகற்கள் வருகின்றன. 1970களின் தொடக்கத்தில் நாகசாமி இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு தொல்லியல் துறை உங்கள் பக்கத்து ஊர்களில் தேடி, நடுகற்களைப் படியெடுத்து, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு தொகுதியாகவே வெளியிட்டது. ஊர்வாரியாக வாசகம் இருக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லாகப் போய்ப் பாருங்கள். இருக்கிறதா? நிற்கிறதா, சாய்ந்துவிட்டதா? யார் கும்பிடுகிறார்கள்? எழுத்து எவ்வளவு மிச்சம்? சிமென்ட் பூசிவிட்டார்களா, எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்களா? அரை நூற்றாண்டுக்கு முன் வந்த அறிஞர் ஒருநாள் வந்தார், படியெடுத்தார், போனார். அவர் வேலை முடிந்தது. அந்தக் கல்லை வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர, பைக்கில் அரைமணி நேரத்தில் போகக்கூடிய ஆளால்தான் முடியும். சென்னையில் இருக்கிற பேராசிரியரால் முடியாது. துறையிடமும் அதற்கு ஆளில்லை.

இதில் செய்தி வராது, படம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பெங்களூருவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே சில வருடங்களாகத் தன்னார்வலர்கள் கொஞ்சம் பேர், பெரும்பாலும் வேறு வேலையில் இருப்பவர்கள், கல்வெட்டுகளின் பின்னால் அலைகிறார்கள். அவர்கள் கையில் எடுத்தது பழைய பட்டியல் ஒன்றைத்தான். கல்வெட்டு அறிஞர் லூயிஸ் ரைஸ் 1905இல் பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளுக்கு ஒரு தொகுதி வெளியிட்டிருந்தார். அதில் சொன்ன ஊர்கள் இன்று பேருந்து நிறுத்தங்களாகவும் அடுக்குமாடிகளாகவும் ஆகிவிட்டன. பல கற்களைக் காணோம். சில சாக்கடை ஓரத்தில் கிடந்தன. 2018இல் ஹெப்பாளில் ஒரு நடுகல் கிடைத்தது. சுமார் 750ஆம் ஆண்டு, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலம். கிட்டய்யா என்ற வீரன் சண்டையில் இறந்ததைச் சொல்கிறது. அந்தப் பகுதி மக்கள் சேர்ந்து அதற்கு ஒரு மண்டபம் எழுப்பினார்கள். மக்களே செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தங்கள் தெருவில் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு மேல் பழைய ஆள் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ அவர்களிடம் போய்ச் சொன்னதால் நடந்தது அது. பேகூர்க் கோயிலில் உள்ள இன்னொரு வீரக்கல், 9ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பெங்களூரு என்ற பெயரைச் சொல்கிறது. வெந்த பயறு கொடுத்த கிழவியால் வந்த பெயர் (கன்னடத்தில் 'பெந்த காளூரு') என்று ஹொய்சள ராஜாவை வைத்து ஒரு கதை சொல்வார்களே, அந்த ராஜா பிறப்பதற்கு முந்தைய கல்!

இங்கே ஒன்று கேட்கிறேன். நீங்கள் பார்த்த நடுகல்லில் எழுதியிருப்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு வாசித்துக் காட்டினீர்களா? செய்தியாளருக்கு வாசித்துக் காட்டியிருப்பீர்கள். எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பக்கம்தான். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, சுமார் 1,400 வருடம் முன்பு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகச் சண்டையிட்டுச் செத்தான். அவனுடைய நாய் கோவிவன், கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள், பெயரோடு. பல்லவப் பேரரசு, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தின் வளர்ச்சி என்றெல்லாம் ஆரம்பித்தால் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். எருமை, கள்ளன், கடித்த நாய் என்று சொல்லுங்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு அதற்கு மேல் உரை தேவையில்லை. அப்புறம் அவர்கள் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அதை எழுதிக்கொள்வதற்குத்தான் நோட்டுப் புத்தகம்.

நோட்டு என்றதும் பெயர்த் தகராறு ஞாபகம் வருகிறது. அதற்கு ஒரே மருந்துதான் நான் கண்டது. ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஞாயிறும் யார் வந்தார்கள், யார் பைக் ஓட்டினார்கள், யார் டீக்கு காசு கொடுத்தார்கள் என்பது வரை எழுதுங்கள். மிக முக்கியமாக, கல்லைக் காட்டியது யார்? பத்துக்கு ஒன்பது தடவை ஆடு மேய்ப்பவர் ஒருவரோ களை வெட்டுகிற அம்மா ஒருவரோதான் காட்டியிருப்பார். உங்கள் செய்தியில் அந்தப் பெயர் இருந்ததா? விட்டுப்போன நான்கு நண்பர்களின் வருத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவதாக ஒருவர் இருந்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம்.

வேலை முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. கல்லில் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மைதா மாவு தடவாதீர்கள், கம்பி பிரஷ் பக்கமே போகாதீர்கள். எங்கள் காலத்தில் இது எல்லாவற்றையும் செய்தோம், அதனால் சொல்கிறேன். எழுத்து தெரிய வேண்டுமானால் வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். நிழலில் இருக்கிற கல்லுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும், பக்கவாட்டில் வெளிச்சத்தைத் திருப்பலாம். இருட்டின பிறகு டார்ச்சைப் பக்கத்திலிருந்து அடித்தால் பகலில் காணாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். (ஊரில் சொல்லிவிட்டு அடியுங்கள். இப்போது உங்கள் நிலைமையில் இரவில் டார்ச்சோடு கல்லருகே நிற்பது உடம்புக்கு நல்லதல்ல.) மைப்படி எடுக்க ஆசை வந்தால் தெரிந்தவரிடம் ஒருநாள் கூட இருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மை ஒற்றி எடுப்பது பார்க்க எளிது. கை பழகாவிட்டால் தாளும் போகும், பூசாரியின் பொறுமையும் போகும். எதையும் தோண்டக் கூடாது என்பது தெரிந்திருக்கும். தற்செயலாக நாணயமோ பானையோ கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணிலிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ரூபாயை இதுவரை யாரும் மாற்றவில்லை.

பதிவு விஷயம். 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். உங்களிடம் மூன்று பேர்தான். ஆகவே கேள்வி தானாகவே தள்ளிப்போய்விட்டது, நல்லதுதான். பணம் கைமாறத் தொடங்கும்போது பதிவு செய்யுங்கள். அதுவரை பதிவு கொடுக்கிற மரியாதை ஒரு ரப்பர் ஸ்டாம்பின் மரியாதை. என் இழுப்பறையில் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

விட்டுவிடலாம் என்று சொல்லும் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பல்லவரையும் சோழரையும் தேடி அலைந்த நாட்களில், எங்கள் ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. நிறைமாதத்தில் இறந்துபோன பெண்ணுக்காக வீட்டார் போடுவது, உங்களுக்குத் தெரியும். இரண்டு கல் நிறுத்தி மேலே ஒரு கல். அதில் நாலு வரி எழுத்து. ரௌத்திரி வருஷம் என்று படித்தோம், அதாவது 1920. "அட, நேற்றையது" என்று எங்கள் தலைவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அதன்மேல் பையை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று டீ குடித்தோம். மாதம் ஒருமுறை, மூன்று வருடம். சாலையை அகலப்படுத்தினபோது அது போய்விட்டது. ஜல்லியோடு ஜல்லியாகப் போயிருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது. ஏழு பேரையும் பிறகு தனித்தனியே கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் நினைவில்லை. எங்களிடம் இருந்த இரண்டு கேமராவிலும் அதற்கு ஒரு படம் இல்லை.

அதனால் பட்டியலில் இல்லாத கற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமைதாங்கி, செக்கு, கிணற்றுச் சுவரில் கட்டிய தேதிக்கல், பள்ளிக்கூடத் திறப்பு விழாக் கல், எல்லாம். கண்டுபிடிக்காதீர்கள் என்று சொன்னேனே, இதெல்லாம் கண்டுபிடிப்பில் சேராது. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறீர்கள். உங்கள் மாணவர்களை விட்டே எழுதச் சொல்லலாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று வைத்து, பிள்ளைகள் கல்வெட்டே படித்தார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வட்டெழுத்துக்கு முன் தாத்தா வீட்டுக் கிணற்றுத் தேதி போதும்.

ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு எழுதுங்கள். தை மாதம் அந்தப் பக்கம் வரவேண்டிய வேலை ஒன்று எனக்கு இருக்கிறது. வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கும் நாள் என்றைக்கு என்று பூசாரியிடம் கேளுங்கள். வெளியாள் வரலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். சம்மதித்தால் வருகிறேன், கேமரா இல்லாமல்.

அன்புடன்.