நோட்ஸை விடுங்கள், இரண்டாம் தியானத்தைத் திறங்கள்

கேள்வி: பி.ஏ. தத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டின் 'தியானங்கள்' நூலை மூன்று முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. ஒரு சென்டரின் நோட்ஸ் போதும் என்கிறார்கள் சீனியர்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஜெராக்ஸ் கடை கடையாகக் கைமாறி வரும் இந்தக் கட்டுகளில் எழுதியவர் பெயரே இருக்காது. ஒன்று மட்டும் பாருங்கள். 'தியானங்கள்' என்ற தலைப்பின் கீழ் "நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், எழுதியவர் மூலத்தைத் திறக்கவே இல்லை. அந்த வாக்கியம் 1637இல் வந்த வேறொரு நூலில் இருப்பது. 1641இல் வந்த 'தியானங்கள்' சொல்வது வேறு: "நான் இருக்கிறேன்" என்பது, அதை நான் சொல்லும்போதெல்லாம், நினைக்கும்போதெல்லாம் உண்மை. இங்கே 'ஆகவே' இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்து அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காசு கொடுத்து இதைத் தொலைக்க வேண்டுமா?

சரி, ஏன் நிற்கவில்லை? கதை போலப் படித்திருப்பீர்கள். நூலின் இரண்டாம் பகுதியான இரண்டாம் தியானத்தை மட்டும் எடுங்கள், சில பக்கங்கள்தான். ஜோனதன் பென்னட் மாணவர்களுக்காக எளிமைப்படுத்திய ஆங்கில வடிவம் இணையத்தில் இலவசம். ஒரு பத்தி படித்ததும் மூடிவிட்டு, எதைச் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்று உங்கள் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். 'ஒருவன் என்னை எல்லாவற்றிலும் ஏமாற்றினாலும், ஏமாற நான் இருந்தாக வேண்டும்', இந்த அளவு போதும்.

அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீலாக மாறுங்கள். டெக்கார்ட் காலத்துத் தத்துவஞானி கசெண்டி அப்படித்தான் கேட்டார்: சிந்தனைதான் வேண்டுமா, வேறு எந்தச் செயலை வைத்தும் இருப்பை நிறுவலாமே? நடப்பதை வைத்து நிறுவ முடியாது, கனவிலும் நடக்கிறோம், நடப்பதாக எண்ணுவது மட்டுமே நிச்சயம் என்றார் டெக்கார்ட். இந்த ஆட்சேபங்களும் பதில்களும் அந்த நூலோடு சேர்ந்தே அச்சானவை. பாடத்திட்டம் அவற்றை வெட்டிவிட்டு, ஒரே பருவத்தில் ஏழெட்டுத் தத்துவஞானிகளைத் திணித்து, "சிறுகுறிப்பு வரைக" என்று கேட்கிறது. நோட்ஸ் வியாபாரம் தழைப்பதே இதனால்தான்.

மூலத்தைத் தனியாகப் படிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: சூத்திரங்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் மொத்தம் 12 நூற்பாக்கள். உரை இல்லாமல் படித்தால் யாரை மறுக்கிறது என்றே பிடிபடாது. உரை வேறு, நோட்ஸ் வேறு. சிவஞான முனிவரின் உரை எதிராளியின் கட்சியை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கும். நோட்ஸில் எதிராளியே இருக்க மாட்டார். இந்தியத் தருக்க நூலான நியாய சூத்திரத்துக்கும் இதுவே. வாத்ஸ்யாயனர் எழுதிய பாடியத்தோடு (விரிவுரையோடு) படியுங்கள்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, நீங்கள் எழுதிய இரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பழைய வினாத்தாளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். தடுக்கும் இடத்தில் மட்டும் மூலத்தைத் திறங்கள்.