வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இந்திய ராஜ்ய சபைத் தலைவர் அச்சபையின் உறுப்பினரே அல்லர் என்பது உண்மையா? இலங்கையில் முன்பிருந்த நமது மேலவையான செனட் சபையிலும் அப்படித்தான் இருந்ததா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உண்மைதான். அந்நாட்டு அரசியலமைப்பின் 64ஆம் உறுப்புரைப்படி உப ஜனாதிபதியே பதவிவழியாகத் தலைமை தாங்குகிறார். முதலில் அவருக்கு வாக்கில்லை, இரு பக்கமும் சமமானால் மட்டுமே அறுதியிடும் வாக்கை அளிப்பார். அவரையே நீக்கும் தீர்மானம் விவாதத்துக்கு வரும்போது, அவர் சபையில் இருந்து பேசலாமேயன்றி, தலைமை தாங்கவோ வாக்களிக்கவோ இயலாது. தன் வழக்குக்குத் தானே நடுவராகாத இந்த ஏற்பாடு மிகவும் போற்றத்தக்கது என்பேன்.

1947 முதல் 1971 வரை 30 உறுப்பினர்களுடன் இயங்கிய நமது செனட் சபையோ, தன் தலைவரைத் தன் உறுப்பினர்களுள் ஒருவராகவே தெரிந்தெடுத்தது. முதலாமவர் சேர் ஜெராட் விஜயகோன். கொழும்பு கோட்டைப் பகுதியில் அது கூடிய, தூண்கள் வரிசையாக நிற்கும் கட்டடத்தில் இப்போது வெளிவிவகார அமைச்சு இயங்குகிறது.