வீட்டுக்குள் வரும் ஈயம்: கேள்வி பதில்

ரத்தத்தில் உலோகங்களின் அளவைப் பார்க்கும் ஆய்வகத்தில் பல வருஷம் வேலை செய்தவள் நான். ஈயத்தைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஈயம் என்று நான் சொல்வதெல்லாம் காரீயத்தை, அதாவது பேட்டரியில் இருக்கும் லெட்டை.

அக்கா, என் வீட்டுக்காரர் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் இருக்கிறார். அடிக்கடி வயிறு முறுக்கி வலிக்கிறது, மலச்சிக்கல், சோர்வு. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். பையனுக்கு மூன்று வயது. அவனுக்கும் ஏதாவது வருமா?

அம்மா, முதல் வேலையாக இரண்டு பேருக்கும் ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ உங்களுக்கும் பார்க்க வேண்டும். வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் சேர்ந்து வருவது ஈய வேலை செய்பவர்களிடம் காலகாலமாகக் கண்ட அறிகுறி. ஸ்கேனில் அது தெரியாது. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்காத டாக்டருக்கு இது தோன்றவும் தோன்றாது. அதனால் உள்ளே போனதும் நீங்களே வேலையைச் சொல்லிவிடுங்கள்.

பையனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவன் பட்டறைப் பக்கம் போயே இருக்க மாட்டான். ஆனால் அப்பாவின் சட்டை, தலைமுடி, செருப்பு, வண்டி சீட் எல்லாவற்றிலும் ஈயத் தூசி வீட்டுக்கு வந்துவிடும். தரையில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்றுக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கு குழந்தை உடம்பு ஏற்றுக்கொள்ளும். வளரும் உடம்புக்குக் கால்சியம் நிறைய வேண்டும். ஈயம் அந்தக் கால்சியத்தின் வழியாகவே உள்ளே போய், மூளையிலும் எலும்பிலும் அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் சூர் மேர் என்று ஒரு ஊர். அங்கே பழைய பேட்டரி உடைத்த மண்ணைச் சலித்து, அதிலிருந்த ஈயத்தை விற்றார்கள். 2007 கடைசியிலிருந்து 2008 தொடக்கத்துக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தக் குழந்தைகள் யாரும் தொழிலாளிகள் இல்லை. மண்ணும் தூசியும் வீட்டைச் சுற்றி இருந்தது, அவ்வளவுதான்.

அவர் பட்டறையிலேயே குளித்து, உடையும் செருப்பும் மாற்றிவிட்டு வரட்டும். அங்கே அதற்கு இடம் இல்லையென்றால் வீட்டு வாசலிலேயே மாற்ற வேண்டும். அந்தத் துணியை உதறாமல் தனியாகத் துவையுங்கள். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தையைக் குளிக்கும் முன் தூக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்வது மனசுக்குக் கஷ்டம்தான். இருந்தாலும் சொல்லுங்கள்.

பட்டறையில் முதலாளி தினமும் வெல்லம் கொடுக்கிறார், பாலும் கொடுக்கிறார். ஈயத்தை அது வெளியே தள்ளிவிடும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. வெல்லம் தூசியையும் எடுக்காது, ஈயத்தையும் எடுக்காது. உள்ளே போனதைப் பாலாலும் வெளியே தள்ள முடியாது. ஆனால் வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக ஏறும், இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தாலும் அதிகமாக ஏறும். அதனால் கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை, பயறு எல்லாம் நல்லதுதான், கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ. வேலைக்குப் போகும் முன் சாப்பிட்டுப் போக வேண்டும். அதற்காகப் பாலைக் கொடுத்துவிட்டு முகக்கவசமும் புகைபோக்கியும் குளியலறையும் தராமல் இருக்கும் முதலாளியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பால் கொடுப்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது.

என் மகளுக்கு 7 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. லேப்பில் "பத்துக்குக் கீழே, நார்மல்" என்றார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அந்தப் பத்து பழைய கணக்கு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் அளவு 3.5. இதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று எந்த எண்ணையும் யாரும் சொல்வதில்லை.

ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களை வாங்கி, அதிலிருந்த ஈயத்தை அளந்தார். நோய் என்று சொல்ல வெளியே ஒன்றுமே தெரியாத பிள்ளைகள். பல்லில் ஈயம் அதிகம் இருந்தவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்தது, வகுப்பில் கவனமும் குறைவாக இருந்தது. 1979இல் அது வெளிவந்தது. உங்கள் மகள் ஓடியாடிக்கொண்டிருக்கிறாள் என்பதால் 7ஐ ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

பயப்படவும் வேண்டாம். ஈயத்தை இறக்கும் மருந்து பொதுவாக 45க்கு மேல் போன குழந்தைகளுக்குத்தான். 7க்கு மருந்து கிடையாது. எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்துவதுதான் வைத்தியம். சிலர் இதைக் கேட்டு ஏமாற்றம் அடைகிறார்கள், மாத்திரை இருந்தால் நன்றாக இருக்குமே என்று. வழியை அடைத்தால் ரத்தத்தில் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

பெட்ரோலில்தான் ஈயத்தை எடுத்தாயிற்றே. இன்னும் ஏன் இந்தப் பேச்சு?

இந்தியாவில் 2000இல் எடுத்தார்கள். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. அது பெரிய நன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் நம் ஊரில் பெட்ரோலில் ஈயத்தை எடுத்துச் சில வருஷம் கழித்து, சென்னையில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்த ஆய்வில் சராசரியே 11.4 இருந்தது. 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒன்றுக்கு, கிட்டத்தட்ட 80 கோடிப் பேருக்கு, 5க்கு மேல் இருக்கிறது. அதில் 27 கோடிக்கு மேல் இந்தியக் குழந்தைகள். பெட்ரோல் போனபின் பேட்டரி, பெயிண்ட், பாத்திரம், மசாலா, மருந்து என்று மிச்ச வழிகளையும் தேட வேண்டியிருக்கிறது.

பாட்டி தந்த ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறேன். இதைக் கேட்டபின் பயமாக இருக்கிறது.

ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது டின், வேறு உலோகம். சுத்தமான வெள்ளீயத்தில் ரசம் வைப்பதால் பயம் இல்லை. சிக்கல் எங்கே என்றால், வெள்ளீயத்தின் விலை அதிகம், காரீயம் மலிவு, இரண்டும் உருக்கினால் சுலபமாகக் கலந்துவிடும். ரசமோ புளியும் தக்காளியும். புளிப்பு, சூடு இரண்டும் சேர்ந்தால் கலந்திருக்கும் ஈயம் கரைந்து இறங்கும்.

கண்ணால் பார்த்தோ, வளைத்துப் பார்த்தோ, சத்தம் கேட்டோ சொல்லிவிட முடியாது. நகை சுத்தம் பார்க்கும் இடங்களில் இருக்கும் எக்ஸ்ரே கருவியால் பாத்திரத்தைச் சேதப்படுத்தாமல் எந்த உலோகம் எவ்வளவு என்று பார்க்கலாம். கேட்டுப் பாருங்கள். பாட்டியின் சொம்பு என்பதாலேயே சுத்தம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சோதிக்க முடியாதவரை எவர்சில்வரில் ரசம் வையுங்கள், வாசனையில் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுபவரிடமும் சால்டரிங் ஈயம் வேண்டாம், சுத்த வெள்ளீயம்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

இண்டாலியம் வாணலி?

எந்த உலோகக் கழிவை உருக்கி வார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. இண்டாலியம், பித்தளை, அலுமினியத்தில் செய்து அமெரிக்காவுக்கு இறக்குமதியான சில பாத்திரங்களிலிருந்து ஈயம் உணவில் இறங்குகிறது என்று அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தது. என் வீட்டில் எவர்சில்வரும் இரும்பும்தான்.

மஞ்சள்தூளில் கலப்படம் என்கிறார்கள். கிழங்கு வாங்கி அரைத்தால் போதுமா?

கிழங்கு என்பதால் மட்டும் போதாது. வங்கதேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கர்ப்பிணிகள் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. எங்கிருந்து என்று தேடிப் போனவர்கள் மஞ்சளில் வந்து நின்றார்கள். கிழங்கை மெருகேற்றும்போதே மஞ்சள் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற சாயத்தைத் தூவியிருக்கிறார்கள். விற்றவர்கள் பலருக்கு அது விஷம் என்றே தெரியாது. 2019இல் அரசு சோதனை நடத்தி, வியாபாரிகளுக்கு அபராதம் போட்டு, மக்களுக்கும் விளக்கிச் சொன்னது. சந்தை மாதிரிகளில் 47 சதவீதமாக இருந்த கலப்படம் 2021இல் பூஜ்யம் ஆனது. இவ்வளவு சீக்கிரம் ஒரு விஷத்தைச் சந்தையிலிருந்து ஒழிக்க முடியும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். மனசு இருந்தால் அரசால் முடியும்.

கண்ணைப் பறிக்கிற மஞ்சளை விடுங்கள். மெருகேற்றாத, மங்கலான கிழங்காக வாங்குங்கள்.

குழந்தை பிறக்கப் போகிறது, வீட்டைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாமா?

கர்ப்பிணி வீட்டில் இருக்கும்போது வேண்டாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னல், கதவு, கிரில் எனாமலில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் வீடு முழுக்க ஈயத் தூசிதான். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து இரண்டு மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தபின் கர்ப்பிணி வீட்டுக்கு வரட்டும்.

அவர் சின்ன வயதில் ஈயம் புழங்கிய இடத்தில் வளர்ந்திருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தத்திலிருந்து ஈயம் ஒன்றிரண்டு மாதத்தில் குறையும், எலும்பில் பல பத்து வருஷம் இருக்கும். கர்ப்பத்தில் எலும்பு கரைந்து கால்சியம் இறங்கும்போது அதுவும் சேர்ந்து குழந்தைக்குப் போகும். கால்சியம் மாத்திரையைத் தவறவிட வேண்டாம்.

மொபைல் கடையில் சால்டரிங் செய்கிறேன். புகை ஆபத்தா?

புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸ்தான் தம்பி, சால்டர் நன்றாக ஒட்டுவதற்குச் சேர்க்கும் பொருள். அது நெஞ்சுக்கு ஆகாது, ஃபேன் வைத்துக்கொள். ஈயம் உன் விரல் வழியாகத்தான் போகும். சால்டர் கம்பியைப் பல்லில் கடிக்காதே. கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ, வடை வேண்டாம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஈயம் போகுமா?

போகாது. தண்ணீர் ஆவியாகி ஈயம் இன்னும் செறிவாகும்.

பஸ்பம் சாப்பிடுகிறேன். நிறுத்தணுமா?

எந்தப் பஸ்பம் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வந்த ஆய்வில், 13இல் ஈயம் இருந்தது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், முடிவை மருந்து தந்தவரிடமும் காட்டுங்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் உலோகப் பஸ்பம் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

பரிசோதனைக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

"பிளட் லெட் லெவல்" என்று கேளுங்கள். வழக்கமாகச் செய்யும் மாஸ்டர் செக்கப்பில் அது இருக்காது. குழந்தைக்கு விரல் நுனியில் குத்தி எடுத்தால் முதலில் கையை நன்றாகக் கழுவிவிட வேண்டும், தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். விரல் ரத்தத்தில் அதிகமாக வந்தால் நரம்பில் ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ரத்தசோகையும் இரும்புச்சத்தும் பார்த்துவிடுங்கள். எண் வந்ததும் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், எங்கிருந்து வருகிறது என்று சேர்ந்து தேடுவோம்.